கொல்லிமலையும் முதுகுப்பையும்: பெண்கள் சுமந்த சுமையின் வரலாறு

முதுகுப்பை என்பது இரண்டு தோள்வார்களால் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை. ஒரு பகல் நடைக்குத் தேவையான தண்ணீர், உணவு, மழையாடை முதலியவற்றை மட்டும் கொள்ளும் சிறிய வகை டேபேக் எனப்படுகிறது. இதன் கொள்ளளவு பொதுவாக 15 முதல் 25 லிட்டர் வரை இருக்கும். கொல்லிமலைக்கு நடைப்பயணமாக வரும் பெண்களின் முதுகில் இன்று இத்தகைய பைகளைக் காணலாம். அதே பாதையில் மலையின் பெண்கள் விறகையும் தானியத்தையும் தலையில் சுமந்து செல்வதையும் காணலாம். இருவரும் ஒரே சிக்கலுக்கு விடை தேடியவர்கள். சுமையை உடலின் எந்த இடத்தில் இறக்கினால் வலியின்றி நடக்கலாம் என்பதே அச்சிக்கல். பெண்களுக்கு வசதியான பை எது என்பதற்கான விடையும் அந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது.

மலையும் நடையும்

கொல்லிமலை தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். மேட்டுநிலப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சங்க இலக்கியம் இதனை வல்வில் ஓரியின் நாடாகக் குறிப்பிடுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியின் பெயரில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா நடைபெறுகிறது.

மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒத்திருந்தாலும் இவர்களுக்குக் கேரளத்துடன் தொடர்பில்லை. பேசும் மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக இவர்களின் வாய்மொழி மரபு கூறுகிறது. மலை பல நாடுகளாகப் பிரிக்கப்பட்டு, அந்நாடுகளில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. வயல் ஓரிடம், வீடு ஓரிடம், சந்தை ஓரிடம் என்பதால் நடையே வாழ்க்கையின் அடிப்படையாக இருந்தது.

இன்று அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை மேலே செல்கிறது. அச்சாலைக்கு முன்பு மலைக்கு ஏறவும் இறங்கவும் ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. திருச்சிராப்பள்ளி மாவட்டப் பக்கத்தில் உள்ள புளியஞ்சோலையிலிருந்து அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு நடந்து ஏறும் பக்தர்கள் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. உப்பும் துணியும் மேலே போயின. தேனும் பழமும் தானியமும் கீழே வந்தன. அவற்றைக் கொண்டுசென்றவை மனிதரின் தலையும் தோளும்.

தலைச்சுமையும் சும்மாடும்

தமிழகத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே இங்கும் சுமையைத் தலையில் வைப்பதே பெருவழக்கு. விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம், சாமை, கேழ்வரகு மூட்டை, பலாப்பழக் கூடை ஆகியவை தலைச்சுமைகளாகச் சென்றன. தோளில் தண்டு வைத்து இரு முனையிலும் சுமையைத் தொங்கவிடும் காவடி முறையைப் பெரும்பாலும் ஆண்கள் பயன்படுத்தினர்.

தலைச்சுமையின் இன்றியமையாத கருவி சும்மாடு. பழந்துணியை முறுக்கி வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்து அதன்மேல் சுமையை ஏற்றுவர். மூன்று வேலைகளை அது செய்கிறது. உச்சந்தலையில் ஒரு புள்ளியில் விழும் எடையைப் பரந்த இடத்துக்குப் பகிர்கிறது. உருண்டை அடியுள்ள குடம் சாயாமல் தாங்குகிறது. நடையின் அதிர்ச்சியைக் குறைக்கிறது. சந்தையில் விற்கப்படும் முதுகுப்பையின் தோள்வாரில் உள்ள பஞ்சுத்திண்டு செய்யும் பணியும் ஏறத்தாழ இதுவே. சும்மாட்டுக்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. அதைச் சுருட்டுபவளும் சுமப்பவளும் ஒருத்தியே. ஆகவே அது எப்போதும் அவள் தலையின் அளவுக்கு இருந்தது.

மடி, சுருக்குப்பை, தூளி

கைகளை விடுவித்துக்கொண்டு பொருளைச் சுமக்கும் வழிகளைப் பெண்கள் உடையிலிருந்தே உருவாக்கினர். சேலை முந்தானையை இடுப்பில் செருகிப் பை போலாக்கும் மடி அவற்றுள் முதன்மையானது. பருத்தி எடுப்பதும் களைகாட்டில் கீரை பறிப்பதும் மடியை நம்பியே நடந்தன. பணம், வெற்றிலைபாக்கு ஆகியவற்றுக்கு இடுப்பில் செருகும் சுருக்குப்பை இருந்தது. குழந்தையைத் துணியால் உடலோடு சேர்த்துக் கட்டித் தூளியாகச் சுமக்கும் வழக்கமும் உண்டு.

மடி, சுருக்குப்பை இரண்டும் சுமையை இடுப்பில் இறக்குகின்றன. உடலின் பெரிய எலும்புகளில் ஒன்றான இடுப்பெலும்பு எடையைக் கால்களுக்கு நேரடியாகக் கடத்துகிறது. மேலைநாட்டு முதுகுப்பை இந்த இடத்தைக் கண்டடைய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது.

சுமைதாங்கி

தலைச்சுமைக்காரர் எதிர்கொள்ளும் பெரிய இடர் நடப்பதில் இல்லை. சுமையை இறக்குவதிலும் மறுபடி ஏற்றுவதிலும் உள்ளது. துணைக்கு ஒருவர் இல்லாமல் கனத்த கூடையைத் தரையிலிருந்து தலைக்குத் தூக்க முடியாது. இதற்குத் தமிழர் கண்ட தீர்வு சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல்லை ஏறத்தாழத் தோளுயரத்தில் வைத்திருப்பர். வழிப்போக்கர் குனியாமலே சுமையை அதன்மேல் நகர்த்தி இளைப்பாறலாம். கேரளத்தில் இது அத்தாணி எனப்படுகிறது. ஈழத் தமிழ்ப் பகுதிகளிலும் சுமைதாங்கிகள் உள்ளன.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் மரபு தமிழகத்தில் பரவலாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளின் பாரம், பிறர் சுமையை இறக்குவதால் தணியும் என்பது நம்பிக்கை. சுமத்தலைப் பெண்ணுடலோடு சேர்த்தே தமிழ்ச் சமூகம் எண்ணியது என்பதற்கு அக்கற்கள் சான்று. சாலைகள் அகலமானபோது பல சுமைதாங்கிகள் அகற்றப்பட்டன. எஞ்சியவை ஊர் எல்லைகளிலும் பழைய பாதையோரங்களிலும் நிற்கின்றன.

முதுகுக்கு வந்த கூடை

தமிழ்ப் பெண்களின் சுமை தலையிலிருந்து முதுகுக்கு இறங்கிய இடங்களுள் முக்கியமானது தேயிலைத் தோட்டம். இலங்கையின் மலையகத்தில் முதலில் காப்பித் தோட்டங்களும், 1867-க்குப் பின் தேயிலைத் தோட்டங்களும் உருவாயின. அவற்றில் உழைக்கச் சென்ற தமிழரில் சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தவரும் இருந்தனர். கொல்லிமலை அமைந்திருப்பது இவ்விரு பகுதிகளுக்கும் இடையில்.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு கைகளும் வேண்டும். குனியவும் வேண்டும். எனவே தலைச்சுமை உதவாது. கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைத் தலையின் முன்பகுதி வழியே மாட்டிக்கொண்டனர். கயிறு அழுத்தாமலிருக்கத் தலையில் துணியை மடித்துப் போட்டனர். நேபாளச் சுமைகூலிகள் நெற்றியில் பட்டை மாட்டிச் சுமக்கும் நாம்லோ முறையும் இதைப் போன்றதே. கைகள் விடுபட்டன, எடை கழுத்தில் விழுந்தது. அந்தக் கூடையின் அளவையும் நிறைய வேண்டிய எடையையும் தீர்மானித்தது தோட்ட நிர்வாகம். சும்மாட்டில் பெண்ணுக்கு இருந்த உரிமை கொழுந்துக் கூடையில் இல்லை.

சுமை பற்றிய ஆய்வுகள்

தலைச்சுமையா முதுகுச்சுமையா எது எளிது என்ற கேள்வியை அறிவியலாளர் பின்னாளில் சோதித்தனர். 1986-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் 20 விழுக்காடு வரையிலான சுமையைக் கூடுதல் ஆற்றல் செலவின்றிச் சுமப்பதாகக் கண்டது. லுவோ பெண்கள் தலையிலும் கிகுயு பெண்கள் நெற்றிப்பட்டையிலும் சுமந்தவர்கள். 2005-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு நேபாளச் சுமைகூலிகளை அளந்தது. அங்கே பெண்கள் தம் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எடையைச் சுமந்தனர். முதுகுப்பை மாட்டியவர்களைவிட அவர்கள் செலவிட்ட ஆற்றல் குறைவு.

இந்த முடிவுகள் தலைச்சுமையை வியந்து போற்றும் எழுத்துகளுக்கு வழிவகுத்தன. 2010-இல் தென்னாப்பிரிக்காவின் கோசா இனப் பெண்களிடம் நடந்த ஆய்வு அவ்வியப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. தலைச்சுமை பொதுவாக முதுகுச்சுமையைவிடச் சிக்கனமானது என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதியாக இருந்தது. கழுத்து வலியும் பதிவாயிற்று. பழகிய உடல் சுமையைத் தாங்கும் என்பது உண்மை. அதனால் உடலுக்குத் தீங்கில்லை என்று ஆகிவிடாது.

அழுத்தத்தை அறிந்த கொல்லிமலை மருத்துவர்

சுமையின் எடைக்கும் அது தரும் தீங்குக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியவர்களில் ஒருவர் கொல்லிமலையில் பிறந்தவர். 1913 வாக்கில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரி இணையர் மலையில் குடியேறினர். நடையும் குதிரையும் ஆட்கள் தூக்கும் டோலியுமே அப்போது மலையின் போக்குவரத்து. எவலின் பிராண்ட் முதுமையிலும் மட்டக்குதிரையில் மலையூர்களைச் சுற்றிவந்தார். 1974-இல் காலமானார்.

அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தொழுநோயாளிகளுக்கான கை அறுவை மருத்துவத்தை வளர்த்தார். உணர்விழந்த கால்களில் புண் வருவதற்குத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும் மிதமான அழுத்தமும் முக்கியக் காரணம் என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பகிரும் மென்ரப்பர்க் காலணிகள் அங்கே உருவாயின. வலி என்பது அழுத்தத்தை இடம் மாற்றச் சொல்லும் எச்சரிக்கை என்று அவர் வலியுறுத்தினார்.

இவ்விளக்கம் பைக்கும் பொருந்தும். இரண்டு கிலோ எடை மெல்லிய ஒற்றை வாரில் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் தோள் கன்றிப்போகும். நான்கு கிலோ எடை இரண்டு தோள், முதுகு, இடுப்பு என்று பகிரப்பட்டால் அரைநாள் நடந்தாலும் உறுத்தாது.

முதுகுப்பையின் தோற்றம்

நவீன முதுகுப்பையின் முன்னோடி நார்வேயைச் சேர்ந்த ஓலே பெர்கன். முதுகின் வளைவுக்கு ஏற்ற சட்டகம் கொண்ட பைக்கு அவர் 1909-இல் காப்புரிமை பெற்றார். வேட்டைக்காரர்களும் படைவீரர்களும் அதைப் பயன்படுத்தினர். 1952-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி, அலுமினியச் சட்டகமும் இடுப்புப்பட்டையும் கொண்ட பைகளை விற்கத் தொடங்கினார். தோளில் இருந்த எடை இடுப்புக்கு இறங்கியது இத்தகைய பைகளால்தான். அவர் சட்டகத்தை வளைக்க, மனைவி நேனா கெல்ட்டி வீட்டிலேயே பைகளைத் தைத்தார்.

1967-இல் சியாட்டிலில் தொடங்கிய ஜான்ஸ்போர்ட் நிறுவனத்திலும் தையல் வேலை செய்தவர் ஒரு பெண். ஜான் லூயிஸ் என்னும் அவர் பெயராலேயே நிறுவனம் பெயர் பெற்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் விற்ற அதன் சிறிய நைலான் பைகள் மாணவர்களிடம் பரவின. மலையேற்றப் பை, புத்தகப் பையாக மாறியது இவ்வழியே.

பெண்களுக்கான அளவு

பைகளைப் பெண்கள் தைத்தபோதும், பையின் அளவு நெடுங்காலம் ஆணுடலை ஒட்டியே இருந்தது. வேட்டையும் படையும் மலையேற்றமும் ஆண்களின் களங்களாகக் கருதப்பட்டதே காரணம். பெண்கள் ஆண்களின் பையிலேயே சிறியதை வாங்கிக்கொண்டனர். 1975-இல் ஜப்பானின் ஜுன்கோ தாபெய் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். 1984-இல் பச்சேந்திரி பால் அவ்வுச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண்ணானார். மலைகளில் பெண்களின் எண்ணிக்கை கூடக்கூட, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களுக்கென்று தனி வடிவமைப்புகள் பரவின.

அவ்வடிவமைப்பில் நான்கு மாற்றங்கள் முக்கியமானவை. பெண்களின் மேலுடல் சராசரியாகக் குறுகியது என்பதால் பையின் முதுகு நீளம் குறைந்தது. தோள்வார்கள் நெருக்கமாகவும் ஒடுக்கமாகவும் ஆயின. அவை மார்பை அழுத்தாமல் வளைந்து செல்லுமாறு வெட்டப்பட்டன. இடுப்புப்பட்டை, அகன்ற இடுப்பெலும்பின் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்தது. நிறத்தை மட்டும் மாற்றிப் பெண்களுக்கான பை என்று விற்பவையும் சந்தையில் உண்டு. இந்நான்கும் இல்லாத பை வெறும் சிறிய பையே.

இந்தியச் சூழலில் இரண்டு கைகளும் விடுபடும்படி மாட்டும் பை பெரும்பாலான பெண்களுக்கு முதலில் பள்ளிப்பையாகவே அறிமுகமாகிறது. கொல்லிமலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. தமிழக அரசு தன் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாப் புத்தகப்பை வழங்குகிறது. தலைச்சுமை சுமந்த பாட்டியின் பேத்தி, தோள்வார்ப் பையோடு அதே பாதையில் பள்ளிக்கு நடக்கிறாள். 2020-இல் நடுவண் அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தது.

கொல்லிமலை நடைக்கு ஏற்ற பை

இப்பத்து விழுக்காட்டு அளவு குறுநடைக்கும் நல்ல வழிகாட்டி. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 5 கிலோ எல்லை. பை 700 கிராம், தண்ணீர் 2 லிட்டர், உணவு அரைக் கிலோ, மழையாடை, போர்வைத் துணி, மருந்து உள்ளிட்ட சிறு பொருள்கள் தலா 400 கிராம் எனக் கொண்டால் மொத்தம் 4.4 கிலோ. இதற்கு 18 முதல் 20 லிட்டர் பை போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பும் ஆசை எழும், எடை கூடும்.

வாங்குமுன் முதுகை அளக்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரையிலான நீளமே முதுகு நீளம். உயரமும் இதுவும் ஒன்றல்ல. ஒரே உயரமுள்ள இரு பெண்களுக்கு முதுகு நீளம் மாறுபடலாம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதால் பயனில்லை. நான்கு கிலோ அளவுக்குப் பொருள்களை இட்டு, எல்லா வார்களையும் தளர்த்தி, முதலில் இடுப்புப்பட்டையையும் அடுத்துத் தோள்வார்களையும் இறுதியில் மார்புப்பட்டையையும் இறுக்க வேண்டும். கால் மணி நேரம் நடந்தும் படியேறியும் பார்த்தால் உறுத்தும் இடம் தெரிந்துவிடும். சிறு பைகளில் உள்ள மெல்லிய இடுப்புப்பட்டை எடையை அதிகம் தாங்காது. பை ஆடாமல் மட்டுமே காக்கும்.

கொல்லிமலையில் பலரும் செல்லும் நடை, அறப்பளீஸ்வரர் கோவிலருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. களைப்பு திரும்பி ஏறும்போதே தெரியும். முதுகோடு ஒட்டிய பை இங்கே நன்று. கனமான தண்ணீர்க் குப்பி முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் படியில் பின்னோக்கி இழுக்கும். சாரலும் மழையும் எதிர்பாராமல் வருமாதலால் மழையுறை தேவை. குரங்குகள் உள்ள வழி என்பதால் உணவை வலைப்பையில் தெரியும்படி வைக்கக்கூடாது.

உடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுடிதாரிலும் சேலையிலும் சட்டைப்பை பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே கைபேசி, பணம், மருந்து ஆகியவற்றுக்கு இடுப்புப்பட்டையில் சிறு ஜிப் அறை உள்ள பை உதவும். பாட்டிகளின் சுருக்குப்பை இருந்த இடம் அதுவே. துப்பட்டா வாருக்குள் சிக்காமலும் பின்னல் பையின் மேல்பிடியில் மாட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. குப்பையைத் திரும்பக் கொண்டுவர முதுகுப்பைக்குள் ஒரு மஞ்சப்பை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இன்றைய நிலை

சாலையும் சரக்கு வண்டிகளும் வந்தபின் கொல்லிமலையின் நெடுந்தொலைவுச் சுமைகள் குறைந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியோடு தானியம் உடைக்கும், அரைக்கும் பொறிகளையும் அறிமுகப்படுத்தியது. உரலும் உலக்கையுமாகக் கழிந்த பெண்களின் உழைப்பு அதனால் குறைந்தது. ஆயினும் வயலுக்கும் வீட்டுக்கும் வீட்டுக்கும் காட்டுக்கும் இடையிலான குறுந்தொலைவுச் சுமை இன்றும் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே உள்ளது.

பொழுதுபோக்காக நடப்பவருக்கு முதுகு நீளம், வாரின் வளைவு, பட்டையின் சாய்வு என ஒவ்வொன்றும் அளந்து உருவாக்கப்பட்டுள்ளது. பிழைப்புக்காக அதே பாதையில் சுமப்பவருக்குச் சும்மாட்டுக்குப் பின் புதிதாக எதுவும் பரவலாக வரவில்லை. விறகுக்கும் மூட்டைக்கும் பொருந்தும், குறைந்த விலையில் கிடைக்கும், பெண்ணுடலுக்கு ஏற்ற சுமைக்கருவியை உருவாக்குவது கடினமான பொறியியல் அன்று. அதற்கான அறிவு மடியிலும் சும்மாட்டிலும் கொழுந்துக் கூடையிலும் நவீன முதுகுப்பையிலும் ஏற்கெனவே இருக்கிறது.